எனக்கென்று ஓர் அரை மணித்தியாலம், நூறு ரூபா

பொருளியல் பாடத்தில் நாம் ஆரம்பத்திலேயே படிக்கும் சொல் ‘அமையச் செலவு’. ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த தெரிவே அது. உதாரணம் கேட்டால் நெல், துணி என்று எழுதுவோம். நமது நாளையே எழுதலாம். பாடசாலை, பிரத்தியேக வகுப்பு, வீட்டு வேலை என்று அது பங்கிடப்பட்டு முடிந்துவிடுகிறது. இவற்றுக்காக எதைக் கைவிடுகிறோம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் நம்மில் குறைவு.

எனது கணக்கில் அது சிங்களம். நமது நாட்டில் சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள். தமிழ்மொழி மூலம் அரச சேவையில் சேர்பவர் சிங்களத்திலும் தேர்ச்சி பெற வேண்டும். ஆனால் என்னைத் தூண்டியது உத்தியோகம் அல்ல. சென்ற வருடம் உம்மும்மாவைச் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். வைத்தியர் கூறியதைப் பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். நல்ல மனுஷி, அவருக்கு அல்லாஹ் அருள் புரியட்டும். என்றாலும் உம்மும்மாவின் வருத்தத்தைப் பற்றி எங்களுக்கு முன்னர் அவர் அறிந்துகொண்டார். மூன்று பாடத்திலும் ‘ஏ’ எடுத்திருந்தாலும் அந்தக் கட்டிலருகே அது எனக்கு உதவியிராது.

முதலில் பணம். மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சாது. சிற்றுண்டிச்சாலையும் புகைப்படப் பிரதி எடுக்கும் கடையும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே கையில் கிடைத்த உடனேயே எடுத்து வைக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பத்துப் பேர் சீட்டுப் பிடிக்கிறோம். கிழமைக்கு ஆளுக்கு நூறு ரூபா. பத்துக் கிழமைக்கு ஒரு தடவை 1000 ரூபா கையில் வரும். போட்டதுதான் திரும்பி வருகிறது, ஒரு சதமும் கூடாது. வட்டி இல்லை என்பதால் வாப்பாவுக்கும் திருப்தி. சீட்டின் பலன் வேறு: தோழிகள் ஒன்பது பேருக்குக் கடமைப்பட்டிருப்பதால் நூறு ரூபாவைத் தொட மனம் வராது.

சேர்ந்த காசை நெடுநாள் பூட்டி வைப்பதும் புத்தியல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அதாவது முந்திய வருடம் 1000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்குச் சுமார் 1700 ரூபா தேவைப்பட்டது. எனது முதற் சீட்டுக் காசில் அகராதியும் இரண்டு கொப்பிகளும் வாங்கினேன்.

நேரம்தான் கடினம். காசைப் போல அதைச் சேர்த்து வைக்க முடியாது. அஸருக்குப் பின் வகுப்பு. மஃரிபுக்குப் பின் சமையலறை, தம்பியின் வீட்டுப்பாடம். எஞ்சியது சுபஹுக்குப் பின்னுள்ள அரை மணித்தியாலம். கிழமையில் ஆறு நாள் என்றால் மூன்று மணித்தியாலம், வருடத்துக்கு 156. நோன்புக் காலத்தைக் கழித்தாலும் ஒரு மொழியில் பேசத் தொடங்க அது போதும்.

ஆனால் நேரத்தை ஒதுக்கினால் மட்டும் போதாது, வீடு அதை ஏற்க வேண்டும். பாடப் புத்தகம் விரித்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். சிங்கள வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால் “சும்மாதானே இருக்கிறாய், தேங்காயைத் துருவித் தா” என்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உம்மா தையல் தைப்பவர். லுஹருக்குப் பின் இரண்டு மணித்தியாலம் தையலுக்கு என்று அவர் சொல்லி வைத்த பிறகே வீட்டார் அதை வேலையாக மதித்தார்கள். அவரிடமே அதை நினைவுபடுத்திக் கேட்டேன். சிரித்துவிட்டுத் தேங்காயை அவரே எடுத்துக்கொண்டார்.

பரீட்சை நெருங்கும்போது அரை மணித்தியாலத்தைப் பத்து நிமிடமாகக் குறைக்க எண்ணியுள்ளேன். நிறுத்தப் போவதில்லை. உம்மும்மாவின் அடுத்த கிளினிக் மார்ச் மாதத்தில் வருகிறது.