உங்களுக்குத் தெரியுமா? வாவி நண்டின் மவுசு

கொழும்பின் ஆடம்பர உணவகங்களில் ராஜா நம் சேற்று நண்டுதான்! பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார மூவரும் 2011இல் தொடங்கிய 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' உணவகம் நண்டை எடைப்படி வகுத்து விற்கிறது. 2 கிலோ நண்டுக்குப் பெயரே 'கிராப்சில்லா'. சிங்கப்பூருக்கும் இலங்கை நண்டு கொடுக்கு கட்டப்பட்டு, உயிரோடு விமானம் ஏறுகிறது. செத்தால் சதை கெட்டுவிடும், விலையும் போய்விடும்.

கல்முனைப் பக்கமிருந்து வடக்கே நீளும் மட்டக்களப்பு வாவியிலும் இதே இனம்தான். கல்முனையருகே பாண்டிருப்புக் குசினியில் தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலை தூவி இறக்கும் கறியைத் தின்றவருக்கு அந்த ஆடம்பர உணவக 'பில்' கொஞ்சம் அதிகம்தான்!