பாய் இழைத்துப் பார்த்து ஆராய்தல்: செயல்வழி மாணவர் ஆய்வு பற்றிச் சில குறிப்புகள்

கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் பன்பாய்க் கைத்தொழிலை ஆய்வுக்கு எடுக்கும் மாணவி வழமையாக என்ன செய்வாள்? வினாக்கொத்தொன்றைத் தயாரிப்பாள். சில வீடுகளுக்குப் போவாள். வயது, வருமானம், சந்தை பற்றிக் கேட்டு அட்டவணை போடுவாள். அதில் பிழையில்லை. ஆனால், "ஓரத்த எப்படி மடிக்கிற?" என்று கேட்டால், "அது கைக்குத் தெரியும் மகள், வாயால சொல்ல ஏலா" என்று ஓர் உம்மா சிரித்தால் வினாக்கொத்தில் அதற்கு இடமில்லை. செயல்வழி ஆய்வுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

சொல்லில் அடங்காத இத்தகைய அறிவைப் பற்றி மைக்கேல் பொலானி 1966இல் ஒரு நூலே எழுதினார். 1993இல் கிறிஸ்தோபர் பிரேலிங், கலையைப் பற்றிய ஆய்வு, கலையினூடான ஆய்வு, கலைக்கான ஆய்வு என மூன்றாகப் பிரித்துக் காட்டினார். நாம் பேசுவது இரண்டாவது வகை. ஆசிரியர்கள் தம் வகுப்பறைப் பிரச்சினையைத் தீர்க்கச் செய்யும் செயல்நிலை ஆய்வு இதற்கு உறவானது, ஆனால் இதுவல்ல. இங்கே மாணவி தானே பாயில் உட்கார்ந்து இழைக்கிறாள். இழைப்பதுதான் அவளது ஆய்வு முறை.

முதலில் கேள்வி. "பாய்க் கைத்தொழிலின் நேற்றும் இன்றும்" என்பது ஒரு தலைப்பு மட்டுமே. "பன் ஒடியாமல் மடிய எவ்வளவு ஈரம் வேண்டும்?" என்பது கேள்வி. இதைக் கையால் சோதிக்கலாம். ஒரே கட்டுப் பன்னை மூன்றாகப் பிரித்து, ஒன்றைக் காய்ந்தபடியும், ஒன்றை அரை மணித்தியாலம் நனைத்தும், மற்றதை இரவு முழுக்க ஈரத்துணியில் சுற்றி வைத்தும் ஒரு சாண் அளவில் இழைத்துப் பார்க்கலாம். எத்தனை ஒடிந்தன, காய்ந்த பின் எவ்வளவு இடைவெளி விழுந்தது என்று எண்ணலாம், அளக்கலாம்.

அடுத்தது காலம். 12 வாரங்கள் இருந்தால் கேள்விக்கும் அனுமதிக்கும் 2, பழகுவதற்கு 4, சோதனைக்கு 4, எழுதுவதற்கு 2 என ஒதுக்கலாம். பழகும் வாரங்களைக் குறைப்பவர்கள் கடைசியில் தங்கள் கைப்பழக்கமின்மையைத்தான் அளப்பார்கள், பன்னை அல்ல. நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். கிழக்கில் கார்த்திகை, மார்கழி மாரி மழையில் பன்னைக் காயவைப்பது கஷ்டம். நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு எந்த உம்மாவும் அடுப்படியை விட்டு வரமாட்டார். நமது அட்டவணை அவர்களது நாளுக்குப் பொருந்த வேண்டும்.

மூன்றாவது குறிப்பேடு. ஒவ்வொரு நாளும் அன்றிரவே எழுதவேண்டும். இடப்பக்கத்தில் நடந்தது: நேரம், அளவு, எண்ணிக்கை, உம்மா சொன்ன சொல் அப்படியே. வலப்பக்கத்தில் நமக்குத் தோன்றியது. இரண்டையும் கலந்தால், பிறகு எது கண்டது, எது நினைத்தது என்று பிரிக்க முடியாது. "இங்க இறுக்கிப் புடிக்காத மகள்" என்று அவர் நம் விரலைத் தட்டிய இடத்தைக் கட்டாயம் குறிக்க வேண்டும். பேட்டியில் வராத தகவல் அதுதான். பிழைத்த துண்டுகளை எறியாமல் திகதி கட்டி வைக்க வேண்டும். அவையும் தரவு.

அறிக்கையோடு இழைத்த துண்டுகளையும் சமர்ப்பிக்க வேண்டும். வெறும் பாயைக் கொடுத்தால் அது கைவேலை, ஆய்வல்ல. கேள்வி, முறை, கண்டது, எல்லை ஆகிய நான்கையும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் கண்டதை வைத்துக் கிழக்கு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கடைசியாக, ஆனால் திட்டத்தில் முதலில் வரவேண்டியது அனுமதி. எஸ். முத்துமீரான் போன்றோர் கிராமியக் கவிகளைத் தேடித் தொகுத்ததால் அவை நமக்குக் கிடைத்தன. கைவேலையையும் அப்படிச் சேமிக்கலாம். ஆனால் அது அந்த உம்மாவின் வயிற்றுப்பாடு. அவரது பின்னல் கோலத்தைப் படம் பிடித்துப் பரப்பினால் வேறொருவர் அதில் உழைக்கலாம். ஆகவே எதைப் பதியலாம், எதை வெளியிடலாம், அவர் பெயரைப் போடலாமா என மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். கற்பித்த நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். முடிந்த அறிக்கையை அவர் வீட்டில் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும். "இது நான் சொன்னதில்ல மகள்" என்று அவர் சொன்னால் திருத்த வேண்டும்.

பட்டம் நமக்குக் கிடைக்கும். அறிவு அவருடையது. அது நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.