நகரின் நிலத்தைப் பங்கிடுவது எப்படி?

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒருவர் கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அங்கே துணிக்கடை இருந்தது. இவர் உணவுக்கடை வைக்க விரும்புகிறார். முன்பணம் கட்டியாயிற்று. அடுப்பும் பாத்திரமும் வாங்கியாயிற்று. அப்போதுதான் நண்பர் ஒருவர் கேட்கிறார்: "துணிக்கடையை உணவுக்கடையாக மாற்ற அனுமதி வாங்கிவிட்டீர்களா?" இவருக்கு ஒரே வியப்பு. "கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட நான் அசைக்கவில்லையே! வாடகை கொடுப்பவன் நான். நான் என்ன விற்க வேண்டும் என்பதை இன்னொருவர் எப்படிச் சொல்லலாம்?" என்கிறார்.

நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடப் புறப்பட்டால், ஒரு நகரம் தன் நிலத்தை எப்படிப் பங்கிட்டு நிர்வகிக்கிறது என்னும் பெரிய செய்திக்கே வந்து சேருவோம். சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று அதனைப் பார்ப்போம்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பு இன்று ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். 1960களின் தொடக்கத்தில் அது 580 சதுர கிலோமீட்டர் அளவில்தான் இருந்தது. மீதியெல்லாம் பெரும்பாலும் கடலைத் தூர்த்துச் சேர்த்த மண். வேறு நாடுகளில் தலைநகரில் இடம் போதவில்லையென்றால், விமான நிலையத்தைத் தொலைவில் கொண்டுபோய் வைக்கலாம். இராணுவப் பயிற்சிக்கு வேறு மாநிலத்தில் இடம் தேடலாம். இங்கே ஊரும் நாடும் ஒன்றுதான். வீடு, பள்ளிக்கூடம், தொழிற்சாலை, துறைமுகம், விமானத் தளம், நீர்த்தேக்கம், கோயில், பள்ளிவாசல், இடுகாடு ஆகிய அத்தனையும் இதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். ஒருவருக்குச் "சரி" என்று சொன்னால், அதே இடத்தைக் கேட்கும் மற்றொருவருக்கு "இல்லை" என்று சொன்னதாகவே பொருள். அதை யார், எந்த விதிப்படி சொல்வது என்பதுதான் நகரத் திட்டமிடலின் சாரம்.

இந்த வேலை புதிதன்று. 1822ஆம் ஆண்டிலேயே ராஃபிள்ஸ் ஒரு குழுவை அமைத்தார். ஜாக்சன் என்னும் அதிகாரி நகருக்கு வரைபடம் தீட்டினார். அரசாங்கக் கட்டடங்களுக்கு ஓரிடம், ஐரோப்பியருக்கு ஓரிடம், சீனருக்கு ஓரிடம், அரபு, பூகிஸ் மக்களுக்குக் கம்போங் கிளாம் பக்கம் என்று நிலம் பிரிக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியாக்களுக்கும் சிங்கப்பூர் ஆற்றின் மேல்பகுதியில் ஓரிடம் குறிக்கப்பட்டது. மழையிலும் வெயிலிலும் இன்றும் நமக்குக் கைகொடுக்கும் ஐந்தடி நடைபாதை, அந்நாளில் விதிக்கப்பட்ட கட்டளையின் பயனே.

ஆயினும் நம்மவர்களில் பலர் நாளடைவில் நிலைத்தது அந்த வரைபடம் காட்டிய இடத்தில் அன்று. சிராங்கூன் சாலைப் பக்கம் தண்ணீரும் புல்லும் இருந்தன. அதனால் அங்கே மாட்டுத் தொழில் வளர்ந்தது. மாட்டை நம்பிப் பால்காரர் வந்தார், வண்டிக்காரர் வந்தார், அவர்களை நம்பி மளிகைக் கடையும் பூக்கடையும் வந்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய இரண்டு பெயர்களும் எருமையைக் குறிப்பவையே. வரைபடம் ஒன்று சொல்லும். வயிற்றுப்பாடு வேறொன்று சொல்லும். நகரத்தைத் திட்டமிடுபவர் இரண்டையும் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

இருபதாம் நூற்றாண்டில் நெரிசல் மிகுந்தது. 1927இல் சிங்கப்பூர் சீரமைப்பு அறக்கட்டளை தோன்றியது. 1958ஆம் ஆண்டில் முதலாவது பெருந்திட்டம் அங்கீகாரம் பெற்றது. எந்த நிலம் எதற்கு என்பதைச் சட்டப்படி குறித்துக் காட்டிய வரைபடம் அது. ஆனால் மெதுவாக வளரும் ஊரை மனத்தில் வைத்துத் தீட்டிய திட்டம் விரைவாக வளரும் நாட்டுக்குப் போதவில்லை. ஆகவே 1967 முதல் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் புதிய ஆய்வு நடந்தது. அதன் விளைவாக 1971இல் நீண்டகாலக் கருத்துத் திட்டம் உருவானது.

தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்பு வனத்தை விட்டுவிட்டு, அதனைச் சுற்றிலும் வளையம்போல் புதிய நகரங்களை அமைப்பது அத்திட்டத்தின் அடிப்படை. அவற்றை விரைவுச்சாலைகளும் ரயில் பாதையும் இணைக்க வேண்டும். விமான நிலையம் தீவின் கிழக்கு முனையாகிய சாங்கியில் அமைய வேண்டும். அப்போது இவை தாளில் வரைந்த கோடுகள். சாங்கி விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. பெருவிரைவு ரயில் 1987இல் ஓடத் தொடங்கியது. இன்ன இடத்தில் பாதை வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த வழியில் வேறு கட்டடம் எழும்பாமல் நிலத்தைக் காத்து வைக்கலாம். ஆள் நடமாட்டமின்றிப் புல் முளைத்துக் கிடக்கும் ஒரு திடலைப் பார்த்து, "வீணாகக் கிடக்கிறதே!" என்கிறோம். அது நம் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கி வைத்த நேரமாகவும் இருக்கலாம்.

இன்று இந்தப் பணியைச் செய்வது நகர மறுசீரமைப்பு ஆணையம். அது 1974இல் அமைக்கப்பட்டது. அரசாங்கத்தின் திட்டமிடல் துறை 1989இல் அதனோடு இணைக்கப்பட்டது. ஆணையத்தின் கையில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, ஐம்பது ஆண்டுகளுக்கும் அப்பால் நோக்கும் நீண்டகாலத் திட்டம். மற்றொன்று, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கான பெருந்திட்டம். இது ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. சட்ட வலிமை உடையது பெருந்திட்டமே.

பெருந்திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறம் உண்டு. வர்த்தகத்துக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை. இன்னும் முடிவு செய்யாமல் ஒதுக்கி வைத்த நிலம் மஞ்சள். நிறம் நிலத்தின் பயனைச் சொல்கிறது. அதனோடு ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண், எவ்வளவு கட்டலாம் என்பதைச் சொல்கிறது.

எண்ணின் கணக்கு எளிது. உங்களிடம் 1,000 சதுர மீட்டர் நிலம் இருக்கிறது, அதில் 2.8 என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் எல்லா மாடிகளையும் சேர்த்து 2,800 சதுர மீட்டர் தளப்பரப்புக் கட்டலாம். ஒரு மாடிக்கு 280 சதுர மீட்டர் என்றால் பத்து மாடி வரும். 560 என்றால் ஐந்து மாடிதான். இதைத் தவிர உயரக் கட்டுப்பாடும் உண்டு. பாய லேபார் விமானத் தளத்தைச் சுற்றியுள்ள வட்டாரங்களில் கட்டடங்கள் ஓங்கி வளராததற்கு விமானங்கள் இறங்கும் வழியே காரணம். அந்தத் தளம் 2030களில் இடம் மாறத் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாறியதும் கீழேயுள்ள நிலம் மட்டுமன்றிச் சுற்றுவட்டாரத்தின் வானமும் விடுபடும்.

எண்ணை உயர்த்தினால் நிலத்தின் விலையும் உயரும். இந்த உயர்வு உரிமையாளரின் உழைப்பால் வந்ததன்று. சாலையும் ரயிலும் வடிகாலும் பொதுப் பணத்தில் வந்தவை. ஆகவே கூடுதலாகக் கட்ட அனுமதி பெறுபவர் ஒரு கட்டணம் செலுத்துகிறார். 2022ஆம் ஆண்டு முதல் அது நில மேம்பாட்டுக் கட்டணம் எனப்படுகிறது.

இனி நம் உணவுக்கடைக்காரரிடம் திரும்புவோம். அவர் செங்கல்லை அசைக்கவில்லை, உண்மை. ஆனால் துணி புகை விடாது. சமையல் புகை மேல்மாடியில் குடியிருப்பவரின் சன்னலுக்குள் நுழையும். எண்ணெய்க் கழிவு வடிகாலில் சேரும். குப்பைக்கு இடம் வேண்டும். சரக்கு வண்டி நிற்க இடம் வேண்டும். கட்டடம் அதேதான்; ஆனால் அதன் பயன் மாறிவிட்டது. பயன் மாறினால் பக்கத்து வீட்டுக்காரரின் வாழ்வும் மாறுகிறது. அதனால்தான் பயன் மாற்றத்துக்கும் அனுமதி தேவைப்படுகிறது. சொந்த வீட்டில் குடியிருப்போருக்கும் இது பொருந்தும். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கு வாடகைக்கு விடக்கூடாது என்பது 2017 முதல் உள்ள விதி. குடியிருப்பு விடுதியாகிவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். அனுமதி மறுக்கப்பட்டவர் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நேயர்களே, இதுவரை ஒழுங்கைப் பற்றியே பேசினோம். இழப்பைப் பற்றியும் பேசினால்தான் உரை நிறைவுறும். பொதுப் பயனுக்காக நிலத்தை எடுத்துக்கொள்ள 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. வீடமைப்புப் பேட்டைகளும் தொழிற்பேட்டைகளும் அதனால் சாத்தியமாயின. கம்பங்கள் மறைந்ததும் அதனால்தான். அன்று கொடுத்த இழப்பீடு பல சமயங்களில் சந்தை விலையைவிடக் குறைவு. 2007ஆம் ஆண்டில்தான் சந்தை விலையே அளவுகோல் என்று சட்டம் திருத்தப்பட்டது. நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு அடியில் யாரோ ஒருவரின் பலாமரமும் கிணறும் இருந்திருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

பழையதைக் காக்கும் முயற்சியும் உண்டு. 1989இல் சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகியவை பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. முகப்பையும் கூரையையும் ஐந்தடி நடைபாதையையும் அங்கே இடிக்க முடியாது. ஆனால் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. வாடகையைச் சந்தை தீர்மானிக்கிறது. சுவரைச் சட்டம் காக்கும். சுவரோரம் அமர்ந்து மாலை கட்டுபவரின் பிழைப்பை அந்தச் சட்டம் மட்டும் காத்துவிடாது. அங்கே போய் வாங்கும் நம்முடைய பங்கும் அதில் இருக்கிறது.

அப்படியானால் குடிமக்களுக்கு இதில் குரல் உண்டா? உண்டு. பெருந்திட்டம் திருத்தப்படும்போது அதன் வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. மக்கள் கருத்தும் எதிர்ப்பும் தெரிவிக்கலாம். அண்மையில் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வாறு வைக்கப்பட்டது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. புக்கிட் பிரவுன் இடுகாட்டின் வழியே சாலை அமைக்கும் திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டபோது பலர் மறுத்துப் பேசினர். ஆயினும் சாலை 2018இல் திறக்கப்பட்டது. மறுபுறம், அதே 2011இல் மலாயன் ரயில்வே நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தபோது, அதைப் பசுமையாகவே விட்டுவைக்க வேண்டும் என்று பலர் கேட்டனர். 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் இன்று மக்கள் நடக்கிறார்கள். பேசியவர்கள் ஓரிடத்தில் தோற்றார்கள், ஓரிடத்தில் வென்றார்கள். பேசாதிருந்தால் இரண்டாவது வெற்றியும் கிடைத்திருக்குமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்குமுன், கடை எடுக்குமுன், முன்பணம் கட்டுமுன், அந்த நிலத்தின் நிறமும் எண்ணும் என்ன, அனுமதிக்கப்பட்ட பயன் என்ன என்று விசாரியுங்கள். எதிரே உள்ள திறந்த வெளி எதற்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அடுத்த முறை வரைவு காட்சிக்கு வரும்போது உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். மேக்ஸ்வெல் சாலையில் உள்ள ஆணையத்தின் காட்சிக்கூடத்தில் நகரத்தின் பெரிய மாதிரியுருவம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டினால், தாங்கள் வாழும் ஊர் தற்செயலாக முளைத்ததன்று என்பதை அவர்கள் ஒரே பார்வையில் உணர்வார்கள்.

நம் உணவுக்கடைக்காரர் கேட்டாரே, "இன்னொருவர் எப்படிச் சொல்லலாம்?" என்று! அந்த இன்னொருவர் ஆணையத்து அதிகாரி மட்டும் அல்லர். மேல்மாடியில் குடியிருப்பவரும், நடைபாதையில் நடப்பவரும், இனிப் பிறக்கப் போகிறவரும் அவருள் அடக்கம். அவர்கள் அனைவருக்காகவும் கேட்கப்படும் அனுமதி அது.