பட்டம் ஒரு கையில், பதக்கம் ஒரு கையில்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் பாதையில் குப்பத்தைத் தாண்டியதும் வருகிற சின்ன நிலையம் குடுபல்லி. ஒரு பக்கம் தமிழ்நாட்டு எல்லை, மறுபக்கம் கர்நாடக எல்லை, நடுவில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, வண்டி ஏறிவிட்டால் கன்னடம் என்று மூன்று மொழியிலும் வாழ்கிறவர்கள் நாம். மூன்று மாநிலத்துக் கல்லூரிகளும் நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இன்டர் முடித்ததும் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று ஊரையே கேட்டு விசாரிக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு எந்தக் கல்லூரி பொருத்தம் என்று நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரிந்து என்ன பயன்? முளை தெரிவது பள்ளிக்கூடத்தில். கதிர் முற்றுவதோ இருபது வயதுக்கு மேல். நடுவில் இருக்கிற ஐந்து வருடம் யார் தண்ணீர் பாய்ச்சுவது? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்: பல்கலைக்கழகம். நம் நாட்டில் அதற்குப் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த வித்தியாசத்தைச் சில உண்மைக் கதைகளோடு பார்ப்போம்.

கான்சாஸ் ஊரில் ஒரு தமிழ்ப் பிள்ளை

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கிறது கான்சாஸ் மாநிலம். அங்கே மேன்ஹாட்டன் என்று ஒரு சிறிய ஊர். நியூயார்க்கில் இருக்கிற மேன்ஹாட்டன் அல்ல. கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர். 1863-ல் அங்கே தொடங்கிய கல்லூரிதான் இன்றைய கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். மாணவர்கள் சுமார் 20,000 பேர். அமெரிக்கக் கணக்கில் இது நடுத்தரமான பல்கலைக்கழகம்தான்.

டில்லியில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1998-ல் பிறந்தவர் தேஜஸ்வின் சங்கர். முதலில் கிரிக்கெட், பிறகு உயரம் தாண்டுதல். 2016 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் தடகளப் போட்டியில் 2.26 மீட்டர் தாண்டி, பெரியவர்களின் தேசிய சாதனையையே முறியடித்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. அடுத்த வருடம் உதவித்தொகையுடன் கான்சாஸ் ஸ்டேட்டில் சேர்ந்தார். 2018-லும் 2022-லும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் உயரம் தாண்டுதலில் முதலிடம் அவருக்குத்தான். படிப்பையும் முடித்து அங்கேயே ஒரு பெரிய நிறுவனத்தில் வேலையும் பார்த்தார்.

அவருக்கு முன்பும் பின்பும் இந்த வழியில் போனவர்கள் உண்டு. மைசூரில் பிறந்த விகாஸ் கௌடா 2006-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பெயரில் வட்டு எறிதலில் வென்றார். சென்னையில் டென்னிஸ் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு வருடமும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஒற்றையர் பட்டம் வென்றார். சென்னைப் பெண் கிருஷ்ணா ஜெயசங்கர், லாஸ் வேகாஸில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழக மாணவியாக 2025-ல் உள்ளரங்குப் போட்டியில் குண்டை 16.03 மீட்டர் எறிந்தார். உள்ளரங்கில் 16 மீட்டரைத் தாண்டிய முதல் இந்தியப் பெண் அவர்.

அங்கே விளையாட்டு ஒரு இலாகா

அங்கே அப்படி என்ன இருக்கிறது? கணிதத்துக்கும் வேதியியலுக்கும் துறை இருப்பது போல விளையாட்டுக்கும் தனி இலாகா, தனி இயக்குநர், தனி வரவு செலவு. ஓட்டத்துக்கு ஒரு பயிற்சியாளர், தாண்டுதலுக்கு ஒருவர், எறிதலுக்கு ஒருவர் என்று முழு நேரச் சம்பளத்தில் இருக்கிறார்கள். மருத்துவர், உணவு ஆலோசகர், பாடம் சொல்லிக்கொடுக்க ஆட்கள் என்று எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே. போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விதி. பாடத்தில் தேறாதவர் களத்தில் இறங்க முடியாது.

1906-ல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் சுமார் 1,100 கல்லூரிகள் உறுப்பினர்கள். அவை மூன்று பிரிவாக இருக்கின்றன. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை உண்டு. மூன்றாம் பிரிவில் கிடையாது. 1972-ல் வந்த ஒரு சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் பெண்களிடம் வேற்றுமை காட்டக்கூடாது என்றது. அதன் பிறகுதான் அங்கே மாணவிகள் பெருமளவில் களத்துக்கு வந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு அங்கே எல்லாம் தங்கமயம் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் விளையாடும் அமெரிக்கப் பிள்ளைகளிலேயே நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கிறது என்று அந்தச் சங்கமே சொல்கிறது. தடகளத்தில் ஆண்கள் அணி முழுவதற்கும் நீண்ட காலம் 12.6 உதவித்தொகைதான் அனுமதி. அதைப் பத்துப் பதினைந்து பேருக்கும் மேலாகப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். ஆகவே உதவித்தொகை என்றதும் முழுச் செலவும் தீர்ந்தது என்று கணக்குப் போடக்கூடாது. 2025-ல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, பெரிய கல்லூரிகள் விளையாட்டு வருமானத்தில் ஒரு பங்கை வீரர்களுக்கே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கின. அந்தப் பணத்தில் பெரும் பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. தாண்டுகிறவர்களுக்கும் எறிகிறவர்களுக்கும் கிடைப்பது சொற்பம். மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கு விளம்பர வருமானத்திலும் கட்டுப்பாடுகள் உண்டு.

இங்கே என்ன இருக்கிறது?

நம் பக்கத்தில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமில்லை. திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். 1983 முதல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம். குப்பத்தை அடுத்த ஸ்ரீநிவாசவனத்தில், நம் வாசற்படியிலேயே, 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1925-ல் தொடங்கியது. கல்லூரிகளுக்கு இடையே போட்டி, அதில் தேறியவர்கள் பல்கலைக்கழக அணி, அந்த அணிகளுக்குள் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று மண்டலப் போட்டி, பிறகு அகில இந்தியப் போட்டி என்பது அதன் ஏற்பாடு. விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா ஆசாத் கோப்பை வழங்கி வருகிறார்கள். 2020-ல் புவனேஸ்வரத்தில் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் தொடங்கின.

ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது போட்டிக்கான ஏற்பாடு; தினசரிப் பயிற்சிக்கான ஏற்பாடு அல்ல. தேதி வந்ததும் அணி தேர்வாகும், சட்டை தைப்பார்கள், ரயில் ஏறுவார்கள், பதக்கத்தோடோ இல்லாமலோ திரும்புவார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் யார் நிற்பார்கள் என்பதுதான் கேள்வி.

மூடுபித்ரியில் தொலைந்த சாதனை

நம் மாநிலத்துப் பெண்ணின் கதை ஒன்று. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஜோதி யாராஜியின் தந்தை காவலாளி. தாய் வீட்டு வேலை செய்தவர். 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஜோதி குண்டூர் பக்கத்து ஆசார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் பெயரில் ஓடினார். 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் மூடுபித்ரியில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி நடந்தது. அதில் அவர் 13.03 விநாடியில் ஓடி முடித்தார். அனுராதா பிஸ்வால் 2002-ல் ஓடிய 13.38 விநாடிதான் அன்று வரை தேசிய சாதனை.

ஆனால் அது சாதனையாகப் பதிவாகவில்லை! தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அங்கே அவரைச் சோதனை செய்திருக்கவில்லை. இந்தியத் தடகள சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் களத்தில் இல்லை. ஓடிய பெண் மேல் ஒரு குறையும் கிடையாது. ஓடிய இடம் கணக்கில் சேரவில்லை, அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் மறுபடியும் பழைய சாதனையை விட வேகமாக ஓடினார். அன்று பின்காற்று அளவுக்கு மேல் வீசியது என்று அதுவும் போயிற்று. கடைசியில் 2022 மே மாதம் சைப்ரஸ் நாட்டில் 13.23 விநாடியில் ஓடிய பிறகுதான் அவர் பெயர் புத்தகத்தில் ஏறியது. இடையில் போனது இரண்டு வருடம் நான்கு மாதம்.

கதை அதோடு முடியவில்லை என்பதுதான் நமக்கு ஆறுதல். 2023 ஆகஸ்டில் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் 12.78 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார் ஜோதி. அது புதிய தேசிய சாதனை. இங்கே பல்கலைக்கழகப் போட்டி ஒன்று தவறவிட்டதை, அங்கே பல்கலைக்கழகப் போட்டி ஒன்று பதிவு செய்தது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் படித்தவருக்கும் இந்த இழுபறி வந்தது. 2022 ஜூனில் தேஜஸ்வின் தம் பல்கலைக்கழகத்துக்காக 2.27 மீட்டர் தாண்டி வென்றார். காமன்வெல்த் போட்டிக்கு நம் சம்மேளனம் வைத்திருந்த தகுதி உயரமும் அதுவே. ஆனால் அதே வாரம் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கு இடையேயான போட்டிக்கு அவர் வரவில்லை என்று அணியில் சேர்க்கவில்லை. டில்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசி நேரத்தில் இடம் கிடைத்து பர்மிங்காமுக்கு விமானம் ஏறினார். 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். காமன்வெல்த் போட்டியில் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அடுத்த வருடம் ஆசிய விளையாட்டில் டெக்கத்லான் போட்டியில் வெள்ளியும் வந்தது.

ஒரு பயிற்சியாளரும் ஒரு கல்லூரியும்

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கு எட்டுமா என்று கேட்பவர்களுக்கு மதுரைக் கதை ஒன்று. சக்கிமங்கலம் கிராமத்து ரேவதி வீரமணி சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். வயல் வேலையும் செங்கல் சூளை வேலையும் செய்து பேத்திகளை வளர்த்தார் பாட்டி ஆரம்மாள். படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பு என்று உறவினர்கள் சொன்னபோது அவர் கேட்கவில்லை. வெறுங்காலோடு ஓடிய அந்தப் பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுகொண்டார். பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

இந்தக் கதையில் கான்சாஸின் கோடிகள் இல்லை. இருந்தது ஒரு நல்ல மனிதர், கதவைத் திறந்த ஒரு கல்லூரி, உறுதியான ஒரு பாட்டி. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இந்த மூவரில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் ரேவதி ஓடியிருக்க மாட்டார். அங்கே இலாகா செய்யும் வேலையை இங்கே தனி மனிதர்களின் நல்ல மனசு செய்கிறது. நல்ல மனசு எல்லா ஊரிலும் தானாகக் கிடைத்துவிடாது. ஆகவே நாம் கேட்டு வாங்க வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளைக்கு விளையாட்டில் உண்மையான திறமை இருந்தால், கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

நம் பிள்ளையின் போட்டிக்கென்று பயிற்சியாளர் தினமும் வருகிறாரா, இல்லை போட்டி சமயத்தில் மட்டுமா? பயிற்சி எடுக்கும் மைதானம் விடுதியிலிருந்து எவ்வளவு தூரம்? போட்டிக்குப் போகும் நாட்களுக்கு வருகைப் பதிவு தருவார்களா? அதே நாளில் தேர்வு வந்தால் மறுதேர்வு உண்டா? விடுதிச் சாப்பாட்டில் முட்டை, பால், பயறு கூடுதலாகக் கிடைக்குமா? அடிபட்டால் யார் பார்ப்பார்கள், யார் செலவு? சலுகை முதல் வருடத்துக்கு மட்டுமா, மூன்று வருடத்துக்குமா? எழுத்தில் தருவார்களா?

மாவட்டத் தடகளச் சங்கத்தில் பதிவு செய்து, சம்மேளனத்தின் பதிவு எண்ணையும் வாங்கி வையுங்கள். அங்கீகாரம் உள்ள போட்டி எது என்று விசாரித்து அனுப்புங்கள். சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். கடையில் கிடைக்கும் சத்து மாவு, மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் அறியாமல் செய்தேன் என்பது எடுபடாது. அமெரிக்காவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்தே கவனம் வேண்டும். இன்டர் முடித்து வருடங்களைக் கடத்தினால் அங்கே தகுதி குறைந்துவிடக்கூடும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொங்கல் விழாவில் கோலப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறோம். பாத்திரமும் புத்தகமும் பரிசாகத் தருகிறோம். கூடவே ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கான ஓட்டக் காலணியும், திருப்பதிக்கோ பெங்களூருக்கோ போட்டிக்குப் போய்வர ரயில் செலவும் ஏற்றுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் மொழி தமிழா, தெலுங்கா, கன்னடமா என்று பார்க்க வேண்டியதில்லை. தொடக்கக் கோட்டில் நிற்கிறவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.