ஒரு கணவாய், இரண்டு பக்கம்

காலையில் பச்சைப் புல்வெளி, மாலையில் வறண்ட மலைப் பாலைவனம். இரண்டையும் ஒரே நாள் நடையில் பார்க்க முடியுமா, நேயர்களே? முடியும்! இமாச்சலப் பிரதேசத்தில், மணாலிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஹம்ப்டா கணவாய். ஆடு மேய்ப்பவர்கள் காலங்காலமாக மந்தை ஓட்டிப்போன பாதை. மழைக்காலத்தில் குல்லு பக்கமாக ஏறினால் ஓடையும் காட்டுப் பூக்களுமாக வழியெல்லாம் ஈரம். கணவாயைத் தாண்டி லாஹவுல் பக்கம் இறங்கினால் பார்வைக்கு எட்டிய வரை மரமே கிடையாது. காலடியில் சரளைக்கல் சரசரக்கும். ஏன் இந்த மாற்றம்? பருவமழை மேகங்கள் மலையில் ஏற ஏறக் குளிர்ந்து, குல்லு பக்கமே மழையைக் கொட்டிவிடுகின்றன. மலை தாண்டிப் போவது பெரும்பாலும் காய்ந்த காற்றுதான். ஏறக்குறைய 14,000 அடி உயரம், மூச்சு வாங்கும். போகிறவர்கள் தயவுசெய்து நிதானமாக ஏறுங்கள்!