தட்டிய எழுத்து எங்கே போகிறது?

மவுஸைச் சொடுக்கும்போது, திரையில் எந்த இடத்தில் சொடுக்கப்பட்டது என்ற விவரமும் கூடவே வருகிறது. அந்த இடத்தில் இருக்கும் பொத்தானுக்கு இயங்குதளம் செய்தியை அனுப்பிவிடும். விசைப்பலகையில் ‘க’ என்று தட்டினால் இடம் எதுவும் வராது. எனவே அந்த எழுத்து யாரிடம் சேரவேண்டும் என்பதை இயங்குதளம் முன்பே குறித்துவைத்திருக்க வேண்டும். இந்தக் குறிப்பைத்தான் நிரலாளர்கள் ஃபோகஸ் என்கிறார்கள்.

இது இரண்டு படிகளில் தீர்மானமாகிறது. முதலில், திறந்திருக்கும் சாளரங்களில் ஒன்று விசைகளைப் பெறுகிறது; பிறகு அதற்குள் ஓர் எழுத்துப்பெட்டியோ பொத்தானோ. யூனிக்ஸ் உலகின் எக்ஸ் அமைப்பில், மவுஸ் அம்பு எந்தச் சாளரத்தின்மேல் நிற்கிறதோ அதற்கே ஃபோகஸ் போகும்படி வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் வழக்கமாக அம்பு மேலே நின்றால் மட்டும் போதாது. பின்னணியில் ஓடும் நிரல் நினைத்தபோது முன்னால் வந்து ஃபோகஸைப் பறிப்பதை விண்டோஸ் 98 முதலே கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். தேவையான கட்டுப்பாடுதான்: தட்டிக்கொண்டிருக்கும் கடவுச்சொல்லின் பாதி வேறொரு சாளரத்தில் விழுந்தால் என்ன ஆவது?

ஃபோகஸ் மாறும்போது இழந்த உறுப்புக்கும் பெற்ற உறுப்புக்கும் தனித்தனியே செய்தி போகிறது. பெற்ற எழுத்துப்பெட்டி துடிக்கும் கோட்டைக் காட்டத் தொடங்கும்.

இணையப் பக்கத்தில் டேப் விசை, ஆவணத்தில் எழுதப்பட்ட வரிசையிலேயே ஃபோகஸை நகர்த்துகிறது. ஓர் உறுப்புக்கு டேப்இண்டெக்ஸ் என்ற பண்பின் மதிப்பு 0 என்றால் அந்த உறுப்பும் இவ்வரிசையில் சேரும். -1 என்றால் டேப் அதைத் தாண்டிவிடும், ஆனால் நிரலோ மவுஸ் சொடுக்கோ அங்கே ஃபோகஸை வைக்கலாம். 1, 2 என்று எண் கொடுத்தால் அவை எல்லாவற்றுக்கும் முன்னே வந்து வரிசை குழம்பும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

பெரும்பாலான தவறுகள் நடப்பது உறுப்புகள் தோன்றி மறையும்போதுதான். ஃபோகஸ் உள்ள பொத்தானை நிரல் நீக்கிவிட்டால், பார்வையற்ற ஒருவர் பக்கத்தில் தான் நின்ற இடத்தையே இழக்க நேரிடும். உரையாடல் பெட்டி திறந்தால் ஃபோகஸ் அதற்குள் போகவேண்டும். மூடினால் அதைத் திறந்த பொத்தானுக்கே திரும்பவேண்டும். விசைகளாலேயே வெளியேற வழியும் வேண்டும். 2008இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டியின் 2.0 பதிப்பு இந்த வெளியேறும் வழியைக் கட்டாயமாக்குகிறது.

ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றும் அதே வழிகாட்டி கேட்கிறது. அழகுக்காக, ஃபோகஸ் உள்ள உறுப்பைச் சுற்றித் தெரியும் வளையத்தை அழித்துவிடும் வடிவமைப்பாளர்கள் பலர். இன்றைய உலாவிகளில் ஃபோகஸ்-விசிபிள் என்ற சிஎஸ்எஸ் வசதி இருப்பதால் அதற்கு அவசியமே இல்லை: பொத்தானை மவுஸால் அழுத்தினால் வளையம் வராது, டேப் விசையால் அடைந்தால் வரும்.