வேலைக்கும் உலை வைக்கும் சிபில்!

வேலையில் சேரும் முதல் நாள். எச்.ஆர் பிரிவில் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுகிறார்கள். பி.எஃப் படிவம், நாமினி படிவம், வங்கிக் கணக்கு விவரம்... பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் மளமளவென்று கையெழுத்துப் போடுகிறோம். நடுவில் ஒரு தாள்: ‘என் பின்னணியை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் விசாரிக்கச் சம்மதிக்கிறேன்.’ எத்தனை பேர் அதை வாசித்திருப்போம்?

அந்த விசாரணையில் இப்போது கடன் வரலாறும் சேர்ந்துகொண்டது, குறிப்பாக வங்கித் துறையில். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவருக்கு 2021-ல் நியமன ஆணை வந்தது. அவருடைய கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையைப் பார்த்த வங்கி அந்த ஆணையை ரத்து செய்தது. கடன்களை எல்லாம் அடைத்துவிட்டதாக அவர் வாதாடியும், 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கி செய்தது சரியே என்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவருக்கு நிதி ஒழுக்கம் முக்கியம் அல்லவா!

அவர் வாசலில் நின்றவர். உள்ளே வேலை பார்ப்பவருக்கு? மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 17-வது விதி, ஓயாமல் கடன்படும் பழக்கம் கூடாது என்கிறது. கடன் வசூல் வழக்கு வந்தால் ஊழியரே அதை அரசிடம் தெரிவிக்க வேண்டும். அங்கே ஊழியர் தன் வாயால் சொல்கிறார். இங்கே, கடன் வரலாற்றுச் சோதனையில், அவருக்குப் பதில் ஓர் அறிக்கை பேசுகிறது.

அந்த அறிக்கையே தவறாக இருந்தால்? எப்போதோ ஒப்படைத்த கிரெடிட் கார்டில் ஆண்டுக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி-யோடு 590 ரூபாய் பாக்கி என்று கிடக்கும். வட்டியும் அபராதமும் ஏறி, ஆளை ‘கட்டத் தவறியவர்’ ஆக்கிவிடும்.

அமெரிக்காவில் 1970-ல் வந்த கடன் அறிக்கைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. தனித் தாளில் தெரிவித்து, எழுத்துபூர்வ சம்மதம் வாங்க வேண்டும். அறிக்கையைக் காட்டி ஒருவரை நீக்குவதானால், முன்கூட்டியே அதன் நகலைத் தர வேண்டும். பணியில் இருப்பவருக்கும் இது பொருந்தும். நியூயார்க் நகரமோ 2015-ல் பெரும்பாலான வேலைகளுக்கு இந்தச் சோதனையையே தடைசெய்தது. தடை வரை போக வேண்டாம். சோதிப்பதில் தவறில்லை, தண்டிப்பதற்கு முன் காட்டுங்கள் என்ற அந்தச் சட்டத்தின் நியாயம் நமக்கும் வேண்டும்.

அதுவரை? நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை பற்றிய புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் தினம் 100 ரூபாய் இழப்பீடு. கையெழுத்துப் போட்டது போட்டதுதான். மேலாளர் பார்ப்பதற்கு முன் நாமாவது பார்த்துவிடுவோம்.